வெள்ளைத் துணி கட்டிய கேட்

டார்ச்சை நடுவில் வையுங்கள். கரண்ட் வரும்வரை யாரும் தூங்கப்போவதில்லை... என் நண்பனின் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ராத்திரி ஏழரை மணி. காட்டை ஒட்டிய ஒற்றைத் தெரு. மச்சான் அங்கே புதிதாகக் குடிவந்தவன். லிப்ட் மெக்கானிக். விடியுமுன் போவான், இருட்டிய பிறகு வருவான். ஆள் உயர வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அவனோடு பேசுகிறவர்கள் எல்லாம் லிப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்கள்தான்.

அன்று பேய்க்காற்று. கம்பி உரசித் தீப்பிடிக்கும் என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் காட்டில் எங்கேயோ தீ பிடித்துவிட்டது. போன் அலறியது... உடனே கிளம்புங்கள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கேட்டில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். தீயணைப்பு வண்டி அங்கே நின்று ஆளைத் தேடாது. மச்சான் பனியனைக் கிழித்துக் கட்டினான். அப்புறம்தான் காரை எடுக்கப் போனான்.

கார் ஷெட் கதவு, கரண்டில் திறக்கிற கதவு.

ரிமோட்டை அமுக்கினான்... சத்தமே இல்லை. தூக்கினான். அசையவில்லை. சிரிக்காதீர்கள்... ஊரையே இறக்கிவிடுகிறவன், தன் வீட்டுக் கதவை ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

தெருவில் வண்டிச் சத்தம். வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு ஓடினான். துணியைப் பார்த்த வண்டி நிற்காமலே போய்விட்டது. பின்விளக்கு புகையில் கரைந்தது.

நடந்து போனால் தீ முந்திக்கொள்ளும். ஷெட்டுக்கே திரும்பினான். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம்...

டம். டம். டம்.

தகரக் கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தானே... வாய் தானாகப் பேசியது.

"பயப்படாதீங்க! உள்ள எத்தன பேரு?"

"நான் மட்டுந்தான் தம்பி." வயதான குரல். "உங்க கதவும் திறக்கலயா? மேல பாருங்க, மோட்டார் பக்கத்துல சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்துட்டுத் தூக்குங்க... எனக்குக் கை எட்டல."

தொங்கியது. இழுத்தான்... டடக். கதவு காகிதம் மாதிரி மேலே போனது.

"இருங்க பெரியவரே, ஸ்டூல் கொண்டுவரேன்!"

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஓடினான். அந்தக் கேட்டிலும் ஒரு துணி, கரி பிடித்து. உள்ளே போன் வெளிச்சம் அடித்தான். ஈரச் சாம்பல் வாடை. வீடு இல்லை. ஷெட் இல்லை. வெறும் சிமெண்ட் தரை. அதன் நடுவிலிருந்து...

டம். டம்.

ஸ்டூலைப் போட்டுவிட்டு ஓடினான். கார் மெயின் ரோட்டுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

ஊரைக் காலி செய்தவர்கள் தங்கிய முகாமில் தீயணைப்புக்காரர் ஒருவர் சொன்னாராம். "அந்த வீடு போன வருஷமே எரிஞ்சு போச்சுப்பா. கேட்ல துணி தொங்குச்சு. ஆள் இல்லன்னு தாண்டிப் போயிட்டோம்."

தீ திசை மாறி அடங்கியது. மச்சான் சாமான் எடுக்கத் திரும்பியபோது, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வீசிவிட்டு வந்த ஸ்டூல், தரையின் நடுவில் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் சாம்பலில் இரண்டு கால் தடம்.

எக்கி நின்ற கால். விரல்கள் மட்டும்... குதிகால் பதியவே இல்லை.