அவள் முதுகுக்கு ஏற்ற தகடு

எந்தப் பொருளாக இருந்தாலும் நாலு இடத்தில் விசாரிக்காமல் நான் வாங்குவதில்லை. மின்விசிறியானாலும் சரி, என் மனைவிக்குச் செருப்பானாலும் சரி. அவளுடைய மூக்குக்கண்ணாடி, கைப்பேசி, கைப்பை எல்லாமே நான் பார்த்து வாங்கியவைதான். கடையில் நின்றால் இதுவா அதுவா என்று தடுமாறுவாள். அந்தச் சிரமத்தை அவளுக்கு வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

என் வேலை லிஃப்ட் பரிசோதனை. எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும், எப்போது அறும் என்று சொல்வதற்குத்தான் சம்பளம். "மாப்பிள்ளை நம்ம மூஞ்சிய பாக்கமாட்டாரு, எத்தன கிலோன்னுதான் பாப்பாரு" என்று என் மாமனார் கேலி செய்வார். நல்ல மனிதர். இந்தச் செய்தி அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

அவளுக்குத் தோள்பட்டை எலும்பு சரியாகக் கூடவில்லை. நீச்சல் நல்லது என்றார் மருத்துவர். குளத்தில் ஆரம்பித்தவள், சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிற வகுப்பில் போய் நின்றாள். நான் தடுக்கவில்லை. துணைக்கு நானும் கற்றுக்கொண்டேன். அவள் என்னைவிட நன்றாகச் செய்தாள். தண்ணீருக்குள் அவள் எதற்கும் தடுமாறவில்லை, அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

சொல்லிக்கொடுத்த அம்மாளை எல்லோரும் அக்கா என்பார்கள். கற்றுக்குட்டிகள் போடுகிற மேல்சட்டையை விட்டு, இனி தகடும் விங்கும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். தகடு முதுகோடு ஒட்டியிருக்கும். அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற காற்றுப்பைதான் விங். அதில் காற்றை ஏற்றினால் மிதக்கலாம், விட்டால் இறங்கலாம். தகட்டில் ஒரே நீளப் பட்டையைக் கோத்து, போடுகிறவர் உடம்புக்குத் தக்கபடி அளவு வைக்க வேண்டும். அளவு வைக்கத்தான் கடைக்குப் போனோம். அக்கா பட்டையைத் தோளில் இழுத்ததும் என் மனைவி சுருங்கினாள்.

"இங்க எப்ப உடைஞ்சுது?"

"போன வருஷம். மாடிப்படில விழுந்துட்டா" என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பட்டையை விலாப்பக்கம் கொண்டுவந்தார். "இங்கயும் வலிக்குதாம்மா?"

"அது அதுக்கு முந்தின வருஷம்க்கா."

எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. வெளி ஆட்களிடம் வீட்டு விஷயம் பேசாதே என்று அவளுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். மாடிப்படியில் அவள் விழுந்தது உண்மை. யாரும் தள்ளாமல் ஒருத்தி பின்பக்கமாக விழமாட்டாள் என்பதும் உண்மை. நான் எதையும் மறைக்க உட்காரவில்லை.

அக்கா அலுமினியத் தகட்டை எடுத்து வைத்தார். நான் ஸ்டீல் தகட்டைக் கேட்டேன்.

"வேண்டாம் சார். நம்ம கடல் வெதுவெதுப்பா இருக்கும், மெல்லிசு உடை போதும், அது அவ்வளவா மிதக்காது. ஸ்டீல் ரொம்ப கனம். விங்கு கிழிஞ்சா நீந்தியே மேல வரணும். இதோட வர்றது கஷ்டம்."

"எனக்கு அலுமினியமே போதும்ங்க" என்றாள் என் மனைவி.

மூன்றாம் மனிதர் எதிரில், என் வார்த்தைக்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சிரித்துக்கொண்டே ஸ்டீலைக் கட்டித் தரச் சொன்னேன். விங் கிழிந்தால் என்ன ஆகும் என்று அக்கா என்னிடம் மறுபடி பொறுமையாக விளக்கினார். நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

அன்று வீட்டில் நான் கை ஓங்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து பட்டையைக் கோத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் போனில் பேசினாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை கடல்லேர்ந்து வந்ததும் நேரா உங்க வீட்டுக்கே வந்துடறேன்க்கா. அவருக்கு சந்தேகம் வரக்கூடாது, அவர் வாங்குன தகட்டையே போட்டுக்கறேன்."

நான் பட்டையை இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை படகில் அக்கா அவளுடைய இடுப்பிலிருந்த ஈயக்கட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டார். தகட்டின் கனமே போதும் என்றார். அவசரத்துக்குக் கழற்றி எறிய இனி அவளிடம் எடையே இல்லை என்பதை நான் மட்டும் நினைத்துக்கொண்டேன்.

தண்ணீருக்கடியில் பாறை முடிந்து கடல்தரை சரிகிற இடத்தில் அவள் எனக்கு முன்னால் போனாள். வலை சிக்கினால் அறுப்பதற்கு எல்லோரும் காலில் கத்தி கட்டியிருப்போம். என் கத்தியால் அவள் விங்கை ஒரு பக்கம் கிழித்தேன், பிறகு மறுபக்கம். காற்று மொத்தமும் ஒரே மூச்சில் போயிற்று. அவள் இறங்கினாள், உடனே காலை உதைத்து ஏற ஆரம்பித்தாள். அந்தக் கனத்தோடும் ஏறினாள். அக்கா நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

ஆகவே என் விங்கிலிருந்த காற்றையும் விட்டுவிட்டு, அவள் மார்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாக இறங்கினோம். அவள் வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கினேன், முகக்கண்ணாடியையும். கத்திப் பிடியால் முகத்தில் அடித்தேன். தண்ணீருக்குள் கைக்கு வேகம் கிடைக்காது. அதனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. அக்கா பின்னால் வந்து என் கழுத்தைப் பிடித்தார். அவர் கையை வெட்டினேன். விரல்கள் போகும் என்று நினைக்கவில்லை, போனதற்கு வருத்தம்தான். அந்த ஆழத்தில் ரத்தம் பச்சையாகத் தெரியும். படித்திருக்கிறேன். பார்க்கும்போது இன்னும் அடர்த்தியாக இருந்தது.

அவள் அசைவு நிற்கும்வரை பிடித்திருந்தேன். பிறகு என் விங்கில் காற்றேற்றி, விதிப்படி நிதானமாக மேலே வந்தேன். அவளைக் கொன்றுவிட்டேன் என்று படகுக்காரரிடம் நான்தான் முதலில் சொன்னேன். அவர் நம்பவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரி மட்டும் தவறு, இன்ஸ்பெக்டர் ஐயா. அவள் என் விரல்களைப் பிரித்துக்கொண்டு தப்பப் பார்த்தாள் என்று அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் இருந்தேன். கல்யாணமான புதிதில்கூட அவளாக வந்து என்னைத் தொட்டதில்லை. கடைசியில் இரண்டு கையாலும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை. கட்டினவனுக்குத் தெரியாதா, அது எதற்கென்று.