பேர்ணடெற்றின் விவரம் மட்டும் வரவில்லை

நாகேந்திரம்: ...அந்தப் பாலசுந்தரம் நைஜீரியாவில பத்து வருஷம் கெமிஸ்ட்ரி படிப்பிச்சவனெல்லே, இப்ப டொரொன்ரோவில. எங்கட கொலிஜ் பழைய மாணவர் மலருக்கு என்னெண்டு எழுதி அனுப்பியிருக்கிறான் தெரியுமே? 'உணவுத்துறை நிருவாகப் பணிப்பாளர்.'

பேர்ணடெற்: அம்மாடி, பெரிய ஆளாகிட்டாரு!

நாகேந்திரம்: இடியப்பம் அவிச்சு விக்கிறான்.

பேர்ணடெற்: ஐயோ... சும்மா சொல்லாதீங்க!

நாகேந்திரம்: உண்மையா! என்ர தங்கச்சி அவனிட்டத்தான் வாங்குறவள். நல்ல இடியப்பமாம்.

பேர்ணடெற்: ட்ரெயினிங் கொலிஜ் ஹொஸ்டல்ல இடியப்பத்தைத் தூக்கிச் சுவத்துல அடிச்சாரே, அவரா! அக்கா, கேட்டீங்களா?

புளோறன்ஸ்: குசினிக்குள்ள எல்லாம் கேக்குது. தங்கச்சி, நீ சிரிக்கிறது ஜம்பட்டா வீதிக்கே கேக்கும்.

பேர்ணடெற்: நம்ம பற்ச் பொம்பளைங்க? நாகேஸ்வரி?

நாகேந்திரம்: நோர்வே. நாலு தரம் தவறி அஞ்சாம் தரம் ட்ரைவிங் பாஸ் பண்ணிப் போட்டா. அதுதான் சாதனை. போட்டோவும் வந்திருக்கு, ஆனா கார்தான் நிக்குது, ஆளைக் காணேல்லை.

பேர்ணடெற்: கார் நிக்குதே, அதுவே பெரிசு. ஸமீமா?

நாகேந்திரம்: பெரிய மகளிர் பாடசாலையில அதிபர். ரெண்டு நிமிஷம் பிந்தினா கேற்றைப் பூட்டிப் போடுவாவாம்.

பேர்ணடெற்: யாரு... மதில் பாஞ்சு மெட்னி ஷோ போன ஸமீமாவா!

நாகேந்திரம்: அதனாலதான் மதிலையும் உயர்த்திப் போட்டாவாம்.

பேர்ணடெற்: இருங்க, இருங்க... வயிறு நோவுது... ஸாலிஹ்?

நாகேந்திரம்: பித்தப்பையில கல்லு எடுத்தது. அதையே ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். படமும் கீறி.

பேர்ணடெற்: கல்லையா!

நாகேந்திரம்: கல்லைத்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்லாக் கீறியிருக்கிறார். ஐம்பதுகளில படிச்ச ஆக்கள் எல்லாரும் நோய் வருத்தத்தை எழுதியிருக்கினம், அறுபதுகள் பென்ஷனை எழுதியிருக்கினம்...

பேர்ணடெற்: எண்பதுகள்?

நாகேந்திரம்: அவை... விலாசம் மட்டும்தான். சுவிஸ் அகதி காம்ப், ஜெர்மன் காம்ப், மடு காம்ப். ஒரு பொடியன் எழுதியிருக்கிறான், வந்து சேர்ந்ததே சாதனைதான் சேர் எண்டு.

பேர்ணடெற்: ம்... பாவம்.

நாகேந்திரம்: சரி, அதை விடும். இப்ப உம்மட விவரம். எழுபத்தொண்டாம் ஆண்டு பற்ச்சில எல்லாற்றையும் வந்திட்டுது, உம்மட மட்டும்தான் வரேல்லை எண்டு சங்கச் செயலாளர் மஜீட் சொன்னவர். அதுக்குத்தான் வெள்ளவத்தையிலயிருந்து வந்தனான்.

பேர்ணடெற்: ஒரு விவரத்துக்கு இவ்வளவு தூரமா? செக் பொயின்ற் எல்லாம் தாண்டி?

நாகேந்திரம்: மூண்டு இடத்தில இறக்கினவங்கள். ஒருத்தன் கேக் பெட்டியைத் திறக்கச் சொல்லி விரலால குத்திப் பாத்தவன்.

பேர்ணடெற்: அதான் இந்த ஓட்டையா! நான் என்னமோ எலியாக்கும்ண்டு...

நாகேந்திரம்: தம்பி, பர்த்டே கேக் எண்டு சிங்களத்தில சொன்னன். பிறகுதான் விட்டவன்.

பேர்ணடெற்: யாருக்கு பர்த்டே?

நாகேந்திரம்: ...ஒருத்தருக்கும் இல்லை.

புளோறன்ஸ்: லவ் கேக்தானே தம்பி அது? வாசம் இங்க வருது.

நாகேந்திரம்: கடையில... அதுதான் இருந்தது அக்கா. சரி சரி, பெயர்?

பேர்ணடெற்: மறந்திட்டீங்களா?

நாகேந்திரம்: மறக்கிறதோ! இல்லை... ஒழுங்குக்குக் கேட்டனான். பதவி?

பேர்ணடெற்: வத்தளைப் பள்ளிக்கூடத்துல பகுதித் தலைவர். ஹெந்தளைப் பிள்ளைகள் முழுக்க நம்ம கையிலதான்.

நாகேந்திரம்: சாதனை?

பேர்ணடெற்: போன டிசம்பர் பொலிஸ் ரவுண்ட் அப்புல நம்ம பிள்ளைகள் ரெண்டு பேரைப் பிடிச்சிட்டாங்க. விடியத்தான் ஓ. எல். பரீட்சை. பொலிசுல போய் நிண்டு, கத்தி, அழுது, பெல் அடிக்க முந்தி மண்டபத்துல கொண்டு விட்டேன்.

நாகேந்திரம்: இதை எழுதத்தான் வேணும்!

பேர்ணடெற்: வேணாம். பிள்ளைகளுக்கு வம்பு. 'நல்லாப் படிப்பிக்கிறா'ண்டு போடுங்க.

நாகேந்திரம்: அப்ப... அடுத்தது... குடும்பம்... அதாவது...

பேர்ணடெற்: சத்தமாக் கேளுங்க. வீட்டுப் பதிவுக்கு வாற பொலிஸ்காரன்கூட இப்பிடி முழுங்க மாட்டான்.

நாகேந்திரம்: கலியாணம்?

பேர்ணடெற்: இல்ல.

நாகேந்திரம்: நல்லது.

பேர்ணடெற்: என்னது நல்லது?

நாகேந்திரம்: இல்லை... நல்லது எண்டா... சுருக்கமா எழுதலாம்.

புளோறன்ஸ்: நீங்க கட்டியிருக்கீங்களா தம்பி?

பேர்ணடெற்: அக்கா!

புளோறன்ஸ்: ஏன், அவரும் அதே பற்ச்தானே? அவரு விவரமும் வேணுமே.

நாகேந்திரம்: இல்லை அக்கா. எனக்கு நாலு தங்கச்சிமார். ஊர் வழக்கம் தெரியும்தானே, அவையைக் கரை சேர்க்காமல் மூத்தவன் வாய் திறக்கேலாது. சண்டை வேற. ஒருத்திக்குச் சரிவர, மற்றவவின்ர மாப்பிளை கப்பலில எங்கையோ போயிடுவார். கடைசித் தங்கச்சிக்குப் போன மாசம்தான் டொரொன்ரோவில தாலி ஏறினது.

புளோறன்ஸ்: அப்ப இனி வாய் தொறக்கலாம்!

பேர்ணடெற்: நீங்க டீயைப் பாருங்க அக்கா, பொங்கப் போவுது!

நாகேந்திரம்: அவள் அங்க போன நாளில இருந்து என்னையும் கூப்பிடுறாள். ஸ்பொன்சர் சரி, விசாவும் குத்தியாச்சு. டிக்கட்தான் போடேல்லை.

பேர்ணடெற்: ...ஏன் போடல?

நாகேந்திரம்: போறதோ நிக்கிறதோ எண்டு... அது என்ர கையில இல்லை.

பேர்ணடெற்: யார் கையில?

நாகேந்திரம்: உம்மட.

பேர்ணடெற்: நான் என்னா, எம்பசியா?

நாகேந்திரம்: பகிடி விடாதையும். எனக்கு வேர்க்குது. நான்... செவ்வாய்க்கிழமைகளில கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட வாறனான்.

பேர்ணடெற்: நீங்க சைவமில்லையா?

நாகேந்திரம்: அவர் அதெல்லாம் பாக்கிறேல்லை. கோயிலுக்குப் பக்கத்திலதான் உம்மட வீடு எண்டு தெரியும். எப்பிடியும் ஒரு செவ்வாய் நீர் வருவீர்... காணுவன் எண்டு. ஆறு வருஷம்.

பேர்ணடெற்: செவ்வாயா... ஐயோ கடவுளே! கொழும்பு முழுக்கச் செவ்வாய்லதான் வருது, நெரிசல்ல மூச்சு விட முடியாது. கொட்டாஞ்சேனை ஆளுங்க அண்டைக்கு அந்தப் பக்கமே போக மாட்டோம். நான் புதன்லதான் போவேன்!

நாகேந்திரம்: புதனோ?

பேர்ணடெற்: புதன்! ஒவ்வொரு புதனும்!

நாகேந்திரம்: ஆறு வருஷம் நான் ஒரு நாள் முந்தி வந்திருக்கிறன்... சிரியாதையும் பேர்ணடெற்!

பேர்ணடெற்: நான் சிரிக்கல... கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான். என்னா கேக்கத்தான் வந்தீங்க? தங்கச்சிமார் கதை முடிஞ்சுது, அந்தோனியார் கதையும் முடிஞ்சுது. கேளுங்க.

நாகேந்திரம்: என்னைக் கட்டுவீரோ?

பேர்ணடெற்: கட்டுறேன்.

புளோறன்ஸ்: அந்தோனியாரே!

நாகேந்திரம்: உடனயோ? யோசிக்க வேண்டாமோ?

பேர்ணடெற்: நீங்க யோசிச்சதே ரெண்டு பேருக்கும் போதும். கனடாவுக்கு மட்டும் நான் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். என்ட பள்ளிக்கூடம் இங்க இருக்கு.

நாகேந்திரம்: ஆர் போகினம்! நாளைக்கே தங்கச்சிக்கு எழுதுறன். ஒரு விசயம் மறைச்சுப் போட்டன் பேர்ணடெற். நேர வரச் சொல்லி மஜீட் சொல்லேல்லை. உம்மட நம்பரைத் தந்து, போனில கேட்டு எழுதும் எண்டுதான் சொன்னவர். நான்தான் சாட்டு வைச்சு வந்தனான்.

பேர்ணடெற்: போன்லயா! அந்த மனுசன்ட்ட எத்தன தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், நாகேந்திரத்தை வீட்டுக்கு அனுப்புங்க, வீட்டுக்கு அனுப்புங்கண்டு! என்ட விவரத்தோட மலர் போன மாசமே அச்சாகிட்டுது நாகேந்திரம், எழுத்துப் பிழை பாத்துக் குடுத்ததே நான்தான்.