தொண்டைக்குழிக்கு ஒரு அட்டிகை

"அட்டிகை போட்டு மூடினா கட்டி கரைஞ்சிடுமாம்மா?"

மயிலாப்பூரில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த பெண் கேட்டாள். பக்கத்தில் இருந்த தன் அம்மாவிடம் திரும்பியபோது, அவள் தொண்டைக்குழியில் நெல்லிக்காய் அளவு வீக்கம் தெரிந்தது. அம்மா மடியில் வாடகை நகைப் பெட்டி.

"மெதுவா பேசுடி. ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்."

"போன தடவை பொண்ணு பார்க்க வந்தப்பவும் இதையேதான் சொன்னே. அப்போ டாலர் செயினே மறைச்சுது. இப்போ அட்டிகை கேக்குது."

"தெரிஞ்சா வேணாம்னு போயிடுவாங்கடி."

"எச்சில் முழுங்கினா வலிக்குதும்மா! அது உனக்குத் தெரியவேணாமா?"

அம்மா பெட்டியை முந்தானையால் மூடினாள்.

அடையாறு சிக்னலில் பெண் எழுந்தாள்.

"எங்கடி போறே?"

"ஆஸ்பத்திரிக்கு. ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்ட அட்டிகையை மட்டும் காட்டு."