நான் கழற்றியதும் அவர் பிய்த்ததும்

பெயர்: சாஹுல் ஹமீது ஸக்கியா. வயது 46. தொழில்: வீட்டிலிருந்து தையல். முகவரி: பள்ளிவாசல் ஒழுங்கை, திகன, கண்டி மாவட்டம். என் கணவர் ஹலீம் சென்ற மாதம் மவுத்தானதால், கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருக்கிறேன்; இத்தா முடியும்வரை வெளியில் இறங்கவோ அந்நிய ஆண்கள் முன் வரவோ மாட்டேன். ஆகையால் தமிழ் தெரிந்த பெண் கான்ஸ்டபிள் என் அடுப்படிக் குசினிக்கு வந்து, நான் சொல்வதை எழுதுகிறார்.

என் கணவரின் தம்பி றவூப் என்மீது முறைப்பாடு செய்துள்ளதாக அறிகிறேன். நான் காரைப் பழுதாக்கினேன் என்றும், அவர் கை வேகும்படி வயரில் சதி செய்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். புளுகுக்கும் ஓர் அளவு வேண்டும்.

மேற்படி கார் 1987இல் ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். என் உம்மா தந்த காப்புகளை விற்று வாங்கியதால் பதிவும் என் பெயரில்தான். லீவு நாட்களில் நானும் கணவரும் சேர்ந்தே அதைத் திருத்துவோம். அவருடைய விரல்கள் தடிப்பு, இடுக்குகளில் போகாது. என் விரல்கள் போகும்.

என் கணவருக்காகக் கத்தம் ஓதிய அன்று றவூப் வாசலில் நின்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரத்து, "இத்தாவுல ஈக்கிற பொம்புளக்கி காரு என்னத்துக்கு? ஞாயித்துக்கெழம நான் கொண்டு பெய்த்திடுவன்" என்று சொன்னார். நான் வெளியே வந்து மறிக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அதை நம்பித்தான் நாள் குறித்தார்.

மறுநாள் குசினியின் உள்கதவால் கராஜுக்குள் போய், கார் ஓடாதபடி கனெக்டர்களைக் கழற்றினேன். அது உண்மை. எவ்வாறு கழற்றினேன் என்று கேட்கப்படுவதால் சொல்கிறேன். முதலில் பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, திரும்பப் போய்ப் படாதபடி துணி சுற்றி ஒதுக்கினேன். அதன் பின்னர் இக்னிஷனுக்கும் பெற்றோல் பம்புக்கும் போகும் கனெக்டர்களுக்கு வந்தேன். அந்தப் பிளாஸ்டிக்குக்கு என் கலியாணத்தைவிட வயது கூட. பொரித்த பப்படம் போல, அழுத்தினால் நொறுங்கும். ஆகையால் ஒவ்வொன்றின் மீதும் துவாய் சுற்றிய சுடுதண்ணீர்ப் பையை வைத்து இளக்கி, பழைய பல் பிரஷால் அழுக்கைத் தட்டி, மொட்டைக் குரோஷே ஊசியால் கொக்கியை மெல்லத் தூக்கி, இரு பக்கக் கூட்டையும் பிடித்து அசைத்து அசைத்துப் பிரித்தேன். வயரைப் பிடித்து இழுக்கவே இல்லை. அதன் பின்னர் பிரித்த சோடி மாறிவிடாதபடி இரண்டு முனைக்கும் ஒரே நிற நூல் கட்டினேன். நாசம் செய்ய வந்தவள் இவ்வளவு மினக்கெடுவாளா? கத்தரிக்கோல் என் தையல் மேசையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை றவூப், மஹய்யாவையில் கராஜ் வைத்திருக்கும் கணபதி என்பவரைக் கூட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே கராஜின் வெளிக்கதவைத் திறந்தார். காரின் சாவி அவர் கையில் இருந்தது. நான் உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, "சாவிய வெச்சிட்டுப் போங்க தம்பி. ஒங்கட நானா, என்ட புருஷன்தான் மவுத்து, நான் இன்னம் ஹயாத்தோட, உசுரோட ஈக்கிறன்" என்றேன். அவர் பொனட்டைத் திறந்தார். பெட்டரி வயரை மீண்டும் பூட்டிச் சாவியைத் திருகினார். கார் ஓடவில்லை. அதன் பின்னர் கனெக்டர் எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கும்படி கணபதியிடம் சொன்னார். கணபதி, "மொதல்ல பெட்டரிய கழட்டுங்கய்யா. காஞ்ச பிளக்கு, ஒடஞ்சிரும். நூல் கட்டுன அம்மாகிட்டயே கேப்போமே" என்றார். றவூப், "பொம்புளட்ட கேட்டு வண்டி திருத்துற காலம் இன்னம் வரல்ல" என்று சொல்லி, தானே கணபதியின் குறடொன்றை எடுத்து, நான் தொடாத, நூல் கட்டாத கனெக்டர் ஒன்றை வயரோடு பிய்த்தார். கொக்கி உடைந்து, அறுந்த வயர் காரின் தகட்டில் பட்டுத் தீப்பொறி பறந்து அவர் உள்ளங்கை வெந்தது. கணபதிதான் பாய்ந்து பெட்டரியைக் கழற்றினார். நான் திரைக்கு அடியால் ஒரு வாளி தண்ணீர் தள்ளிவிட்டேன். இரக்கப்பட்டு அல்ல, என் கராஜில் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக.

புருஷனை நினைத்து அழுகிற பெண் காரில் கை வைக்க மாட்டாள் என்று றவூப் சொல்லியிருப்பதாக அறிகிறேன். நான் அழுதழுதுதான் கழற்றினேன். அந்தக் காரின் சீற்றில் இன்னும் என் கணவரின் மணம் இருக்கிறது. அதில் இவர் உட்கார்ந்ததை நான் பொறுக்க மாட்டேன். காரைக் கொடுத்தால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவாராம். சமாதானத்துக்கு எனக்கு விருப்பமில்லை.

என் கணவர் நோன்புக்கு முன்பே காரைத் தனக்குத் தந்து, சாவியையும் கையில் கொடுத்துவிட்டதாக றவூப் கூறியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அந்தக் காருக்கு இருப்பது ஒரே சாவி. நோன்பெல்லாம் முடிந்து, அவர் மவுத்தான அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என் கணவர் அதே காரில் கண்டிக்குப் போய்வந்து, கராஜில் விட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டதை நான் கண்டேன். சட்டை மாற்ற முன்னரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதன் பின்னர் எழும்பவில்லை. மையித்தை, அவருடைய உடலைக் குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றியபோது பெண்கள் நாங்கள் அறைக்குள் இருக்கவில்லை. கூடப்பிறந்தவர் என்ற உரிமையில் கழற்றியவர் றவூப். சட்டை மடித்தபடி என்னிடம் வந்தது. சாவி வரவில்லை.

இவ்வளவும் நான் அறிந்த உண்மை. வாசித்துக் காட்டப்பட்டது, மாற்ற ஒரு சொல்லும் இல்லை. றவூபை முன்னால் நிறுத்தி வாசிக்கவும் சம்மதித்துக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சா. ஹ. ஸக்கியா