ஏறிக்கிட்டே இருந்த ஷேர்

— இன்னும் கொஞ்சம் கம்பி பக்கம் வாங்க சார், இந்த இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல.

— நான் திட்ட வந்திருக்கேன்னு நினைக்கிறியா தம்பி?

— திட்டுங்க சார். ஷேர் வாங்கித் தர்றேன்னு உங்க ரிட்டயர்மென்ட் பணத்தையே முழுங்கினவன். ஜெயிலுக்கு வந்தாவது நாலு வார்த்தை கேக்கணும் இல்ல?

— ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பேர்ல ஒரு ஷேராவது வாங்கினியா?

— இல்ல சார்.

— மாசாமாசம் கம்பெனி பேரெல்லாம் போட்டு அனுப்புவியே?

— அது நானே அடிச்சது. பேப்பர்ல எது ஏறியிருக்கோ, அதை உங்க பேர்ல முன்னாடியே வாங்கிட்ட மாதிரி போட்டுடுவேன்.

— அடப்பாவி! அதான் இறங்கவே இல்லையா? பழைய ஸ்கூலுக்கே போய் ஸ்டாஃப் ரூம்ல பீத்திக்கிட்டேனே.

— ஆரம்பத்துல ஒழுங்காத்தான் செஞ்சேன் சார். டயர் கடை மாடியில ஒத்த ரூம், ஆடுற மேசை. நெஜமாவே வாங்கி வித்தேன். ஒரு தடவை மார்க்கெட்ல பலமா அடி விழுந்துச்சு. வெளிய சொல்ல வாய் வரல. புதுசா வந்தவர் பணத்தை எடுத்து, பழைய ஆளுக்கு லாபம்னு குடுத்தேன். அவர் போய் பத்து பேரைக் கூட்டிட்டு வந்துட்டார்.

— அப்புறம் கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, கோட்டு.

— கோட்டு போட்டதுக்கப்புறம் யாருமே கேள்வி கேக்கல சார்.

— நாங்க எங்க கேப்போம்? பேங்க்ல தூங்கின பணம் உன்கிட்ட ஓடிச்சே!

— மார்க்கெட் விழுந்த வாரம் எல்லாரும் ஒண்ணா வந்து நின்னாங்க. பின்வாசல் வழியா ஓடினேன். மச்சான் வீட்டுப் பரண்ல ஒளிஞ்சிருந்தேன். மச்சானே போலீசுக்குப் போன் பண்ணிட்டான்.

— அவனும் போட்டிருந்தானா?

— அவன் கடையையே அடகு வெச்சுப் போட்டிருந்தான் சார். வீட்டுல டீச்சரம்மா எப்படி இருக்காங்க?

— பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. என்கிட்ட பேசறதில்ல. வீட்டையும் வித்தாச்சு. நான் உன்கிட்ட கூட்டிட்டு வந்த டிரில் மாஸ்டர், என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடறார்.

— மன்னிச்சிருங்க சார்.

— அதை விடு. ஆரம்பத்துல வந்தவங்களுக்கு எல்லாம் முழுசா வந்துச்சுன்னு பேசிக்கறாங்களே, நெஜமா?

— ஒரு அஞ்சாறு பேருக்கு, போட்டதுக்கு மேலயே வந்துச்சு சார்.

— ம்.

— வார்டர் கூப்பிடறார் சார், நேரமாச்சு.

— இரு. நீ எப்ப வெளிய வருவே?

— இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும். ஏன் கேக்கறீங்க?

— வீடு வித்ததுல கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன், அவளுக்குத் தெரியாது. இந்தத் தடவை என்னை முதல் ஆளா சேத்துக்கப்பா.