மூன்றாம் பெஞ்சையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்

பேட்டை, பொருநை நூற்பாலைத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு ஓய்வு பெறும் கண்காணிப்பாளர் உயர்திரு. அம்பலவாணன் அவர்களுக்குப் பணியாளர்கள் அனைவரும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

ஏட்டுக்கு இறையே! எண்ணுக்கு எழிலே! ஏழைத் தொழிலாளியின் எஞ்சிய நாட்களுக்கு ஏணியாய் நின்ற எங்கள் ஏந்தலே! முதல் தேதி என்றால் முதல் தேதிதான் என்று முப்பத்தாறு ஆண்டுகள் முறை பிறழாமல் காத்த முதுபெரும் அதிகாரியே! வணக்கம்.

ஆலை மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நூற்புக் கூடங்களின் கூரை இறங்கி உள்ளே எருக்கு முளைத்துவிட்டது. ஆலைச் சங்கு துருவேறிக் கிடக்கிறது. வாசலை ஒட்டிய இந்த ஒற்றைக் கட்டடத்தில் மட்டும் இன்னும் விளக்கு எரிகிறதென்றால், அதற்குத் தாங்களே காரணம். நிதியைக் கலைத்துப் பங்கு போட்டுக்கொள்ள வந்தவர்களை விதிப்புத்தகம் ஒன்றை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு விரட்டியவர் தாங்கள். அன்று தாங்கள் அஞ்சியிருந்தால், இன்று முந்நூறு வீடுகளில் முதல் தேதி வெறும் தேதியாகப் போயிருக்கும்.

பணத்தைக் கொடுத்ததோடு நில்லாமல், அதை வைத்துப் பிழைக்கும் பக்குவத்தையும் கற்றுக்கொடுத்த பண்பாளரே! மொத்தத் தொகையைக் கையில் வாங்கியதும் மாடி எடுக்கக் கிளம்பியவர்களை வழிமறித்து, "மாடி கட்டுதேரு, சரி. முட்டிவலியோட அந்தப் படியில ஏறப்போறது யாரு வே?" என்று கேட்டீர்கள். கவர்ச்சி வட்டிக்கு ஆசைப்பட்டவர்களிடம், "மாசம் மூணு வட்டி தாரான்னா, உம்ம முதலையே கொஞ்ச நாளைக்கு உமக்குத் திருப்பித் தாரான். அம்புட்டுத்தான்" என்று சொல்லித் தடுத்தீர்கள். ஓய்வு பெற்று வந்த ஒவ்வொருவர் கையிலும் நான்கு காகித உறைகளைக் கொடுத்தீர்கள். அரிசி பருப்புக்கு ஒன்று, எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் ஒன்று, நல்லது கெட்டதுக்கு ஒன்று. நான்காவது உறைமேல் தங்கள் முத்துப் போன்ற கையெழுத்தில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதி, "இதை மட்டும் எந்தச் சாமி வந்து கேட்டாலும் தொடக்கூடாது" என்பீர்கள். அந்த நான்காவது உறையால் பிழைத்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் இப்போது இந்தக் கூடத்தில் இருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறோம்.

ஒழுங்கின் உருவே! ஆண்டுதோறும் நவம்பர் முதல் திங்களன்று தாங்கள் நடத்தும் பெயர் அழைப்பை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. பெயர் வாசித்ததும், "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். மூன்று முறை வாசித்தும் பதில் வராவிட்டால், பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டம் விழுந்த பெயர் இறந்தோர் கணக்கு. ஆனாலும் அந்தப் பெயரைத் தாங்கள் விட்டதில்லை. "ஆளு போனாலும் வரிசை போகக்கூடாது" என்று அடுத்த ஆண்டும் வாசிப்பீர்கள். ஒரு மூச்சு நேரம் காத்திருப்பீர்கள். அதற்குப் பிறகே அடுத்த பெயர்.

அந்த ஒரு மூச்சு நேரத்தை எப்படிச் சொல்வது? குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருப்போம். முந்நூறு பேர் அசையாமல் இருப்பார்கள். கணவன் பெயர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சில பெண்கள் பேருந்து ஏறி வருவார்கள். சில பெயர்கள் வாசிக்கப்படும்போது, பெஞ்சில் இருப்பவர் சற்று ஒதுங்கி ஓராள் இடம் விடுவதைப் பார்த்திருக்கிறோம். யாருக்கு என்று கேட்க எங்களில் எவருக்கும் தைரியம் வந்ததில்லை.

வாசிக்கும்போது தங்கள் தலை பதிவேட்டை விட்டு எழாது. அதற்குக் காரணமும் சொல்வீர்கள்: "மூஞ்சியப் பார்த்தா இரக்கம் வந்துரும். அண்ணன் பேருக்குத் தம்பி வந்து நிப்பான், நானும் விட்டுருவேன். காதுக்கு ஆளு தெரியாது, குரல் மட்டுந்தான் தெரியும்." நேர்மைக்காகத் தாங்களே தங்களுக்கு இட்டுக்கொண்ட விலங்கு அது. அதை வணங்குகிறோம். அதே விலங்கில் ஓர் உயிர் சிக்கிக் கிடப்பதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்கவும் எங்களால் இயலாது.

நூற்புப் பிரிவில் வேலை பார்த்து மறைந்த மந்திரமூர்த்தியின் மனைவி நீலாம்பாள், சீவலப்பேரி. குடும்ப ஓய்வூதியம் வாங்கியவர். பிள்ளை குட்டி இல்லாதவர். ஈராண்டுக்கு முன் ஆடியில் தொண்டையில் கட்டி கண்டது. தாங்கள் கொடுத்த நான்காவது உறையைப் பிரித்துச் செலவு செய்தார். மருத்துவர்கள் குரல்பெட்டியை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான்.

நவம்பர் வந்தது. பெயரை வாசித்தீர்கள். அவர் எழுந்து நின்றார். இரண்டாம் முறை வாசித்தீர்கள். கையைத் தூக்கினார். மூன்றாம் முறை வாசித்தீர்கள். கழுத்துத் துணி உப்பியது, அடங்கியது. தாங்கள் வட்டம் போட்டீர்கள். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. எவரும் வாய் திறக்கவில்லை. ஐயா பெயர் வாசிக்கும்போது வேறு குரல் எழும்புவது இந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. அன்றைய தேநீர் வேளையில் எங்கள் அலுவலக உதவியாளர் கிருபைராஜ் அண்ணன், "ஐயா வட்டம் போட்டாச்சுன்னா, எமனே வந்தாலும் பார்த்துட்டு ஒப்பம் போட்டுட்டுத்தான் போகணும்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

பிறகு நடந்தவை அனைத்தும் விதிப்படியே நடந்தன. ஓய்வூதியம் நின்றது. அவர் ஆதார் அட்டையோடு வந்து சாளரத்தில் நீட்டினார். "இது ஆளு இருந்ததுக்குச் சாட்சி தாயி, இருக்கதுக்கு இல்ல" என்று திருப்பிக் கொடுக்கப்பட்டது. மனு எழுதிக் கொடுத்தார். அவருடைய ஓய்வூதிய எண் இறந்தோர் கோப்பில் இருந்ததால் மனுவும் அங்கேயே சேர்ந்தது. அந்தக் கோப்புக்கென்று ஒரே ஒரு பதில் கடிதம்தான் இருக்கிறது, அதுவே போயிற்று. ‘காலஞ்சென்ற திருமதி நீலாம்பாளின் வாரிசுதாரர்களுக்கு: தங்கள் ஈடு செய்ய இயலாத இழப்பில் நிதியகம் பங்குகொள்கிறது. இறுதிச்சடங்கு உதவிக்கு இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.’ பதிவுத் தபால். தபால்காரர் அதை நீலாம்பாள் கையில் கொடுத்து, ஒப்புகை அட்டையில் ஒப்பம் வாங்கினார். அந்த அட்டை திரும்பி வந்தது. அவர் இறந்ததற்கான கோப்பில் அவருடைய ஒப்பம் இருக்கிறது, ஐயா. பக்க எண் இட்டு அதைச் சேர்த்ததும் தங்கள் கைதான்.

இப்போது அவர் வாரத்தில் நான்கு நாள் வயலில் களையெடுக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் ஏறி இங்கே வந்து, மூன்றாம் பெஞ்சில் ஐந்தே முக்கால் வரை இருக்கிறார். அவருக்கு யாரும் தேநீர் வைப்பதில்லை. அவர் தலைக்கு மேலுள்ள விசிறியை யாரும் போடுவதில்லை. அவரை வெறுத்து அல்ல. அங்கே ஆள் இல்லை என்று பதிவேடு சொல்கிறது. எங்கள் கைகள் அதற்குப் பழகிவிட்டன.

இதை எழுதும் நான் சென்ற அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். தபாலில் ஒரு கடிதம் வந்தாலே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என் அம்மா. காகிதம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முதல் வாரமே கிருபைராஜ் அண்ணனிடம் கேட்டேன், "மூணாம் பெஞ்சுல இருக்கது யாரு?" அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "எங்கன?" என்றார். "அங்கன யாரும் இல்லையே தாயி. வந்த புதுசுல அப்படித்தான் தெரியும். பைய சரியாயிரும்."

நவம்பரில் தாங்கள் இறந்தோர் பெயர்களை வாசித்தபோது அவர் பெயரும் வந்தது. ஒரு மூச்சு நேரம் காத்திருந்தீர்கள். அந்த நேரத்தில் அவர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் ஒதுங்கி இடம் விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் நானும் வாய் திறக்கவில்லை.

கிருபைராஜ் அண்ணன் சொன்னது போலவே பைய சரியாகிவிட்டது. அதுதான் கொடுமை. பிப்ரவரியில் ஒரு நாள், மார்பளவு கோப்புக் கட்டைச் சுமந்து வந்து, கை கடுக்கிறதே என்று பக்கத்தில் இருந்த பெஞ்சில் வைத்தேன். வைத்துவிட்டு நாற்காலிக்குப் போய்ச் சாளரத்தில் நின்றவருக்குப் பதிலும் சொல்லி முடித்தேன். பிறகுதான் உறைத்தது: அடுக்கு கோணலாக இருந்தும் சரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். கட்டின் இரு பக்கமும் இரண்டு கைகள். கட்டு பெஞ்சில் இல்லை. ஒரு மடியில் இருந்தது. அந்த வெள்ளைத் துணி மெல்ல உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. நான் வந்து எடுப்பேன் என்று அவர் அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தார்.

அன்றே தங்கள் அறைக்கு வந்தேன். "ஐயா, அந்த அம்மா உயிரோட இருக்காங்க" என்றேன். பேனாவை மூடிவிட்டுச் சொன்னீர்கள்: "என் காது பிசகுனதில்ல தாயி. அவ குரல் குடுக்கட்டும், அந்த நிமிசமே வட்டத்த அடிச்சுருதேன்." "குரல்பெட்டிய எடுத்துட்டாங்கய்யா." தாங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "அப்போ எப்படித் தாயி பதில் வரும்?" என்றீர்கள். கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையாகவே கேட்டீர்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நீதியின் நிழலே! வட்டம் போட்டவர் பணியில் இருக்கும்போது தம் கையாலேயே அதை அடித்து ஒப்பமிட வேண்டும், வேறெவரும் தொடலாகாது என்பது விதி பதினான்கு. தாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்று ஐந்தே முக்காலுக்குப் பிறகு அந்த வட்டத்தைத் தொட இந்த அலுவலகத்தில் கை கிடையாது. கழுத்துக் குழாயை மாற்ற வரும் மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது உறை காலி.

இந்த மடலை எழுதியவள் ஒருத்தி என்றாலும், சொல்பவர்கள் பதினெட்டுப் பேர். நேற்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். காசாளர் அசன் முகம்மது அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிருபைராஜ் அண்ணன் பிறகு எழுந்து போய், மூன்றாம் பெஞ்சுக்கு மேலுள்ள விசிறியைப் போட்டார். இருபது மாதத் தூசி உதிர்ந்தது.

அகவை அறுபது கண்ட அண்ணலே! இனி எங்கள் வாழ்த்தைக் கேளுங்கள். காலையில் அவசரமில்லாமல் ஆற்றங்கரைக்கு நடந்து போங்கள். கைத்தொகையை மாடியில் போடாதீர்கள். நான்கு உறைகளையும் மறவாதீர்கள். நோய் அண்டாமல், பிறர் கையை எதிர்பாராமல், நூறும் தாண்டி வாழுங்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி வைத்திருப்பதைப் பார்த்தோம். வரும் நவம்பரில் தாங்கள் இந்தப் பெஞ்சுகளில் ஒன்றில் அமர்வீர்கள். விசிறிகள் நிற்கும். வேறொருவர் தங்கள் பெயரை வாசிப்பார். குரல் என்பது என்றும் நம்மோடு இருக்கும் என்று யாருக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில், வாசிப்பவர் தலை நிமிர்ந்து தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இதுவே தங்களுக்கு எங்கள் வாழ்த்து. இதைவிடப் பெரிய வாழ்த்து எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது மணி ஐந்தரை. சந்தன மாலைக்குப் பக்கத்தில் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பேனாவைத் திறந்து வைத்திருக்கிறோம். விசிறிகளை நிறுத்தவில்லை, இன்று காதுக்கு வேலையில்லை. கடைசியாக ஒரு பெயரை நாங்கள் வாசிக்கிறோம்.

நீலாம்பாள், சீவலப்பேரி.

நிமிர்ந்து பாருங்கள், ஐயா.

இங்ஙனம்,
இருக்கிறோம் என்று சொல்லி ஒப்பமிடும்
நிதியகப் பணியாளர்கள்

அசன் முகம்மது, காசாளர்
கிருபைராஜ், அலுவலக உதவியாளர்
இசக்கிச்செல்வி, இளநிலை உதவியாளர்
மற்றும் பதினைவர்

நீலாம்பாள், மூன்றாம் பெஞ்சு
(ஒப்புகை அட்டையில் உள்ள அதே ஒப்பம்)