தகவல்: வாகீசன், மகன்

பிரசாந்தி: ...முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் இந்த வீட்டிலையிருந்து ஒருத்தரும் வெளிக்கிடேலாது, அண்ணை. செத்தவீட்டுத் துடக்கு.

அருட்செல்வன்: கம்பனிக்குத் துடக்கு இல்லைத் தங்கச்சி. பராமரிச்ச ஆள் செத்தால் மெசினைத் திருப்பி எடுக்கவேணும். எடுத்து நினைவை அழிக்கவேணும். நான் அதுக்கு வந்த ஆள்.

பிரசாந்தி: மெசின் எண்டு சொல்லாதேங்கோ.

அருட்செல்வன்: அப்ப...?

பிரசாந்தி: வாகீசன். தேத்தண்ணி குடிப்பியளோ? துடக்கு வீட்டிலை கனபேர் குடியாயினம்.

அருட்செல்வன்: எனக்குப் பரவாயில்லை. தாங்கோ.

பிரசாந்தி: கம்பனி ஆக்கள் சவரம் எடுக்கிறேல்லையோ?

அருட்செல்வன்: ...நேரமில்லை.

பிரசாந்தி: இந்தாங்கோ, அப்பாவின்ரை மரண அறிவித்தல். கடைசி வரியைப் பாருங்கோ.

அருட்செல்வன்: "இணுவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட தியாகராசா..." ம்... "தகவல்: வாகீசன், மகன்." அட.

பிரசாந்தி: புதுச்சட்டம் தெரியும்தானே? குடும்பத்து ஆள் எண்டு எழுத்திலை இருந்தால், கோட்டு உத்தரவில்லாமல் அழிக்கேலாது.

அருட்செல்வன்: தெரியும். எங்களுக்கு வகுப்பு வைச்சவை. மத்தியானச் சாப்பாட்டோடை... கொள்ளி வைச்சது ஆர்?

பிரசாந்தி: சித்தப்பா.

அருட்செல்வன்: மகன் நிக்கேக்கையோ?

பிரசாந்தி: ஐயருக்குச் சட்டம் இன்னும் வந்துசேரேல்லை.

அருட்செல்வன்: வாகீசன், இஞ்சை வாரும். மகன் எண்டு பேப்பருக்குச் சொன்னது நீரோ?

வாகீசன்: இல்லை, ஐயா. போனிலை ஆர் கதைக்கிறது எண்டு கேட்டினம். வாகீசன் எண்டன். செத்தவீட்டிலை ஆம்பிளைக்குரல் எண்டதாலை மகனாக்கிப் போட்டினம்.

பிரசாந்தி: வாயைப் பொத்தடா!

வாகீசன்: அவர் கேட்டவர், அக்கா.

அருட்செல்வன்: அப்ப உது பிழை.

பிரசாந்தி: பிழைதான்! அச்சுக்கு முதல் எனக்கு அனுப்பினவை. வாசிச்சனான். திருத்தேல்லை. மூண்டு வருசம் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினவன். அப்பா கதைச்சதெல்லாம் உவனிட்டைத்தான் கிடக்கு. அதையும் அழிச்சால் எனக்கு ரெண்டாவது செத்தவீடு, அண்ணை.

அருட்செல்வன்: அந்தப் பேனையை ஒருக்கால் தாங்கோ.

பிரசாந்தி: என்ன எழுதுறியள்?

அருட்செல்வன்: "மகன். எடுக்கேலாது." கீழை கையெழுத்து வையுங்கோ.

பிரசாந்தி: பிழை எண்டு தெரிஞ்சுமோ?

அருட்செல்வன்: பேப்பரிலை வந்திட்டுதுதானே... தங்கச்சி, ஒரு சந்தேகம். அறிவித்தலிலை பேர் போடாமல் விட்டு, முப்பத்தொண்டுக்குச் செத்தவரின்ரை நினைவா அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலை போட்டால்... செல்லுமோ?

பிரசாந்தி: எழுத்து எண்டுதானே சட்டத்திலை கிடக்கு. ஏன், ஆற்றை பேர் விட்டுப்போச்சு?

அருட்செல்வன்: மதுரா. எங்கடை அம்மாவைப் பாத்தவள். அம்மா செத்து இண்டைக்கு இருபத்திமூண்டு நாள். எட்டாம் நாள் நான்தான் வெளியிலை நிக்கிற இதே கம்பனி வானிலை அவளை ஏத்திக்கொண்டுபோய்க் குடுத்தனான். வாற வெள்ளி அழிக்கப்போகினம். கல்வெட்டு நாளைக்கு அச்சுக்குப் போகுது... மகள் எண்டு போட்டால் காணுமோ, தங்கச்சி?